ஊற்றுத் தேடிய அறிக்கை

ஐந்து சைக்கிள், ஒரு திசைகாட்டி,
நூறு முழக் கயிறு.
வழுக்கியாற்றின் ஊற்றைத் தேடிக் கழகம்
அராலியில் கூடியது, காலை ஆறரைக்கு.

ஆறு என்று சொல்லவே கூச்சம்.
மாரியில் ஓடும், மற்ற மாசங்களில் மாடு மேயும்.
"நைலுக்கும் ஆரோ இப்பிடித்தான் போயிருப்பினம்"
என்றார் பொருளாளர் குலவீரசிங்கம்,
கழன்ற சங்கிலியைக் கொழுவியபடி.

கந்தரோடை கடந்து
அளவெட்டிக்கு அங்கால்
வாய்க்கால் முள்ளுக்கம்பிக்குக் கீழே புகுந்து போயிற்று.
காவலரணில் நின்ற பொடியன்
எங்கள் வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்து
நெடுநேரம் பார்த்தான்.
கடலைத் தேடினான் போல.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன்:
ஊற்று கண்டுபிடிக்கப்படவில்லை.
யோகாம்பிகை பேனையைப் பறித்து
ஒரு சொல்லை வெட்டினார்.
இப்போது அது இப்படி நிற்கிறது:
ஊற்று காட்டப்படவில்லை.
செலவு: டியூப் ஒட்டியது, அறுபது ரூபா.