நூற்றுப் பதினேழு

யோவென்சூவில் ஜனவரி, மணி மூன்று.
வெளிச்சம் அதற்குள் கடையைக் கட்டிவிட்டது.
உறைந்த ஏரியின் மேல் யாரோ நாயோடு நடந்து போகிறார்.
நான் நான்காம் மாடியில்,
ஏழாம் வகுப்புக் கணக்குகளோடு.

ஆறு பள்ளிகள், இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கேற்ற கருத்துரை:
இதுதான் என் முனைவர் பட்டத்தின் வாக்குறுதி.
மானியம் நான்கு வருஷம். மூன்று முடிந்தது.

பெயர்கள் கூடாது என்றது நெறிக்குழு,
நானும் கையெழுத்திட்டேன்.
எண்களாகத்தான் வருவார்கள்.
எண்பத்தொன்று
விடையை எழுதி, அழித்து, அதையே எழுதும்.
நூற்று நாற்பது
கருத்துரையைத் திறந்த நான்காம் நொடியில் மூடும்.
நூற்றுப் பதினேழு
அடைப்புக்குறியை விரிக்கும்போதெல்லாம்
கழித்தல் குறியை உள்ளேயே விட்டுவிட்டு வரும்,
கையுறையைப் பேருந்தில் விட்டு இறங்குவதுபோல.

என் மாடல் அதற்கு எழுதியது:
"நல்ல முயற்சி! இரண்டாம் வரியை இன்னொருமுறை பார்."
பதினோரு தடவை.
பதினோராம் தடவையிலும்
ஆச்சரியக்குறிக்கு அதே உற்சாகம்.

போன வியாழன், விடைப்பெட்டியில்:
"நீலோவுக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறாய்.
பேருந்தில் ஒப்பிட்டுப் பார்த்தோம்.
நான் வில்யாமி."

அரை நொடியில் மாடல் பதில் சொன்னது:
"விடை எண்ணாக இருக்க வேண்டும்."

சிரித்தேன்.
காபி எடுக்கப் போனவள் இயந்திரத்தின் முன் மறுபடி சிரித்தேன்.
கோப்பை நிரம்புவதற்குள் நின்றுவிட்டது.

அடுத்து என்ன செய்யவேண்டும் என்று விதியில் இருக்கிறது.
அடையாளம் காட்டும் சொல் தரவில் தங்கக்கூடாது.
செய்தேன்.

____வுக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறாய்.
நான் ____.

கோடிட்ட இடங்களை நிரப்புக,
இரண்டு மதிப்பெண்.

பெயரை எடுத்த பிறகும்
'அது' என்று எழுத வரவில்லை.

இரவு அவனுடைய பதினோரு முயற்சிகளையும் திறந்தேன்,
விடைகளை விட்டுவிட்டு அழித்தவற்றை மட்டும் படித்தேன்.
ஏழாம் முறை
குறியைச் சரியாகத்தான் வெளியே கொண்டுவந்திருக்கிறான்.
கடைசி வரிக் கூட்டலில் ஒரு சறுக்கல், அவ்வளவுதான்.
மாடல் பழக்கதோஷத்தில்
இரண்டாம் வரியைப் பார் என்றது.
பார்த்திருக்கிறான்.
நாற்பது நொடி பார்த்திருக்கிறான்.
பிறகு சரியானதை அழித்துவிட்டான்.

நாற்பது நொடி.
என் வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை நிறம்:
'ஆழ்ந்த ஈடுபாடு.'

மாடலை நிறுத்தினேன். பெட்டியில் நானே தட்டினேன்:
"ஏழாம் முறை இரண்டாம் வரி சரி.
தவறாகச் சொன்னது நாங்கள்.
கூட்டலை மட்டும் பார்."
எழுதியது யார் என்று போட
இரண்டெழுத்து அடித்தேன், அழித்தேன்.

ஆய்வேட்டில் இனி இருநூற்றுப் பதினொரு பேர்.
அடிக்குறிப்பு ஒன்று சேர்த்திருக்கிறேன்:
ஒருவர் விலக்கப்பட்டார்;
காரணம், இடையில் ஓர் ஆள் பேசிவிட்டார்.

பேராசிரியர் பிர்க்கோ அதன் கீழ்
பென்சிலால் கோடு போட்டுத் திருப்பியிருக்கிறார்.
ஒன்றும் எழுதவில்லை.
அந்தக் கோட்டைத்தான்
மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.