4417

மார்பைப் பிளந்து தைத்த நான்காம் நாள்,
ஹாமில்டனில் மழை.
விலாவுக்குக் கீழே தொங்கும் கம்பிகளைப்
புதுப் பெட்டியில் மாட்டிப் பார்க்க
கையெழுத்துக் கேட்டாள் பிரையனி.

"பழைய பேஸ்மேக்கருக்கு உங்கள் மூச்சைப் பற்றி அக்கறை கிடையாது.
இது கேட்கும்.
இழுத்தால் விரையும், விட்டால் தளரும்."

யாருக்கு மாட்டிப் பார்த்தீர்கள் என்றேன்.
கொஞ்சம் தயங்கி,
"செம்மறியாட்டுக்கு."

சிரித்தால் தையல் வலிக்கும். சிரித்தேன்.
நாற்பத்தோரு வருடம் கம்பளி கத்தரித்தவன்.
முழங்காலிடுக்கில் மல்லாத்தி
ஆட்டுக்கு இரண்டு நிமிடம்.
அதன் நெஞ்சு என் தொடையில் அடிக்கும்.
எண்ணிக்கை வைத்தது தோலுக்கு மட்டும்.

பெயர் என்ன அதற்கு?
பெயரில்லை, காதில் மஞ்சள் வில்லை,
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.

பேனாவை வாங்கினேன்.

திரையில் பச்சைக் கோடு
நெருங்குகிறது, விலகுகிறது,
"வித்தியாசம் தெரிகிறதா, ரெவி?"
தெரியவில்லை.
பசிக்கிறது, அவ்வளவுதான்.

அவள் போன பிறகு
மூச்சை இழுத்து
வேண்டுமென்றே பிடித்துக்கொண்டேன்.
பெட்டி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது,
கத்தரி அடுத்து எங்கே இறங்குமென்று
என் மடியில் அசையாமல் கிடந்த
ஒவ்வொன்றையும் போல.