விலாங்கு

வைத்தியம் பாதி, பத்தியம் பாதி.
வைத்தியம் அவனுடையது.
பத்தியத்தில் எனக்கும் பங்குண்டு,
அதைக் கேட்டு யாரும் படகேறி வருவதில்லை.

சிபெருத் தீவில்
இந்த ஆற்றின் மேலேயும் கீழேயும்
யாருக்கு உடம்பு கொதித்தாலும்
எங்கள் துறையில்தான் வந்து கூப்பிடுவார்கள்.
அமன் தெகோய் எழுந்திருப்பான்.
காதோரம் செம்பருத்தி, கழுத்தில் பாசிமணி,
இடுப்பில் மரப்பட்டைத் துணி,
கையில் அந்த இரண்டு சின்ன மணிகள்.
நான் என் பாயைச் சுருட்டி
அடுப்பின் அந்தப் பக்கம் போடுவேன்.
அவ்வளவுதான், தொடங்கிவிட்டது.
அவன் என்னைத் தொடக் கூடாது.
நான் புளிப்புத் தின்னக் கூடாது.
இருவரும் விலாங்கைத் தொடவே கூடாது,
அது வழுக்கும்,
பிடித்த உயிரையும் வழுக்கவிடும்.

செத்தால்தான் உயிர் போகும் என்றில்லை.
தூங்கும்போது போகும், திடுக்கிட்டால் போகும்,
வீட்டில் பூவும் பாட்டும் இல்லையென்றால்
முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

அந்த முறை போனது சபொலோவின் உயிர்.
ஆறு வயது.
அப்பனோடு வாழைத்தார் விற்க
மரம் வெட்டுகிறவர்களின் சாலைக்குப் போயிருந்தாள்.
திரும்பியதும் காய்ச்சல்.
கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.
இவன் இலைகளைக் கசக்கி அவள் மார்பில் தடவி
வெகுநேரம் காது கொடுத்தான்.
பிறகு சொன்னான்:
"மஞ்சள் எந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
இறங்க மாட்டேன் என்கிறது."
யாரோ சிரித்தார்கள். அவள் தாய் சிரிக்கவில்லை.

மூன்று இரவு அழைத்தான்.
தட்டில் முட்டை, சாகோ, புதுப் பூ.
மணி குலுக்கினான், கெஞ்சினான்,
தரை அதிர ஆடினான்,
குழந்தையிடம் பேரம் பேசுவதுபோல் பேசினான்:
வா, இங்கே உன் பல் விழுந்த பல்லிடுக்கு இருக்கிறது,
உன் நாய்க்குட்டி வாசலில் படுத்திருக்கிறது,
அந்த எந்திரத்துக்கு உன் பெயர்கூடத் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம்
என் வலையில் ஒரு விலாங்கு.

சொல்லிவிடுகிறேன்.
கைக்குழந்தை முலையை விடாத மாதம் அது.
மூன்று நாளாக வெறும் சாகோ.
சாகோ மிதிக்கும் மேடைக்குப் பின்னால்
மூங்கிலில் அடைத்துச் சுட்டேன்.
நெய் விரலில் வழிந்தது.
முள்ளை ஆற்றில் விட்டேன்.
மணலால் கை தேய்த்தேன்,
எலுமிச்சை இலையால் தேய்த்தேன்,
இன்னும் தேய்த்தேன்.

அன்றிரவு சபொலோ எழுந்து உட்கார்ந்தாள்.
தண்ணீர் கேட்டாள்.
பிறகு, யார் தன் வாழைப்பழத்தைத் தின்றது என்று கேட்டாள்.

விடிந்ததும் பன்றி.
வெட்டுமுன் அதன் காதில் குனிந்து
மன்னிப்புக் கேட்டான், எப்போதும்போல.
இதயத்தை வாழையிலையில் வைத்து
நரம்பு நரம்பாகப் படித்தான்.
ஊரே குனிந்து பார்த்தது.
"நல்லது," என்றான். "குழந்தைக்கு நல்லது."
பிறகு சுண்டு விரலால் ஓரிடத்தைத் தொட்டு,
"இங்கே ஒரு சின்னக் கறை."
யாருக்கு என்று கேட்டார்கள்.
இலையை மடித்துவிட்டான்.
கறியைப் பங்கு போட்டார்கள்,
எல்லாருக்கும் ஒரே அளவு,
எனக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் பாயை எடுப்பேன் என்று நின்றேன்.
"இன்னும் நான்கு நாள்," என்றான்.
குழந்தைதான் பிழைத்துவிட்டதே என்று
நான் சொல்லவில்லை.
சொல்ல வாய் வரவில்லை.
அந்த நான்கு நாளும் இருந்தேன் பாருங்கள்,
கல்யாணமான பதினோரு வருஷத்தில்
அப்படி நான் இருந்ததே இல்லை.
கொசுவைக்கூட அடிக்கவில்லை.
அவனும் அந்தப் பக்கம்
சாகோவை மென்றுகொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் காலை
ஆற்றிலிருந்து நேராக வந்தான்.
நனைந்த தலை.
கையில், இன்னும் நெளிகிற ஒரு விலாங்கு.
அடுப்படியில் போட்டு, "சுடு," என்றான்.
என் முகத்தைப் பார்த்தானா,
நெருப்பைப் பார்த்தானா, தெரியாது.

பாம்புக்குத் தலை காட்டும்,
மீனுக்கு வால் காட்டும் அது.
வெந்ததும்
தலையை அவன் எடுத்துக்கொண்டான்.
வாலை என் இலையில் வைத்தான்.
இருவரும் தின்றோம்.
கை கழுவ நான் எழுந்திருக்கவில்லை.