ஏழரைப் படகு

செவ்வாய் இரவுகளில்
மழலையர் பள்ளிக் குட்டி நாற்காலியில்
முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து
தோர்கெய்ர் எழுதிக்கொண்டது:
முதலில் உணர்வுக்குப் பெயர் சொல்.
திருத்துவது பிறகு.

வியாழன் காலை, போடோ துறைமுகத்தில்
ஏழரைப் படகு ஊதியாயிற்று.
இல்வா ஒரு பூட்ஸைக் கழற்றிப்
பனியில் வீசினாள்.
மற்றதையும்.

தொண்டைவரை வந்தது அவன் அப்பாவின் குரல்.
விழுங்கினான். மண்டியிட்டதில்
கால்சட்டை நனைந்தது.
"கோபமா இருக்கியா?"
"இல்ல!"
"பயமா?"
"இல்ல!"
தாளில் இருந்த சொற்கள் தீர்ந்துவிட்டன.
ஈரக் காலுறையோடு அந்தப் பாதங்களை
இரு கைகளிலும் பொத்திக்கொண்டு
சும்மா இருந்தான்.
படகு போனது. அடுத்தது எட்டே காலுக்கு.

"அம்மா வீட்ல," என்றாள் வெகுநேரம் கழித்து,
"என் பூட்ஸுக்குன்னு ஒரு இடம் இருக்கு.
உன் வீட்ல இல்ல."

இதற்கு என்ன பெயர் என்று
அவனுக்குத் தெரியவில்லை.
"ஓ," என்றான்.
இன்றைக்கே அலமாரி வாங்கிவிடலாம் என்று
வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.
அது பிறகு.

பூட்ஸுக்குள் போயிருந்த பனியைத் தட்டினான்.
அவள் காலை நீட்டினாள்.