குறிப்புகள் நிரல்

பொத்துவில் வானிலை நிலையத்தில்
மூன்று மணிக்கொரு தரம் வானத்தை எழுதுகிறேன்.
முகில் எட்டில் மூன்று. அமுக்கம். ஈரக்குமிழ், உலர்குமிழ்.
வெப்பமானிப் பெட்டிக்குப் பின்னால், ஈச்சம்பற்றைக்குள்
ஐப்பசி மழையோடு வந்து சேர்ந்தது
ஓர் ஆறுமணிக்குருவி.
பதினொரு வருஷச் சேவையில்
இந்த வளவுக்குள் இதுவே முதல்.

விடியல் ஆறுக்கும் அந்தி ஆறுக்கும்
இரண்டு சீழ்க்கை.
இடையில் சருகு கிளறும்,
குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும்,
எழுதாத பேனையை நான் உதறுவது போல.

நிரலில் ‘ஆ.கு. உண்டு’ என்று போட்டேன்.
கொழும்பிலிருந்து அழைப்பு:
“ஆ.கு. என்டா என்ன, ஆலங்கட்டியா?”
“இல்ல சேர், குருவி.”
அந்தப் பக்கம் அமுக்கம் இறங்குவது
இங்கே கேட்டது.

மாசி முடிய எல்லாருக்கும் ஒரே கேள்வி.
“வருஷப் பிறப்புக்கு முதல்நாள் கிளம்பும்,
மருத்துநீருக்கு நிக்காது” என்றான் காவலாளி குலேந்திரன்.
ஒலுவில் கம்பஸ் பெடியன் ஷிஹான் சராசரி எடுத்தான்:
ஏப்ரல் ஐந்து, கூட்டல் கழித்தல் ஆறு.
நான் ஒருவருக்கும் சொல்லாமல் கணக்குப் பார்த்தேன்.
வாடை சாக வேண்டும், கொண்டல் களைக்க வேண்டும்,
தெற்கிலிருந்து முதல் இரவுக்காற்று எழ வேண்டும்,
அதன் நெஞ்சு கொழுத்திருக்க வேண்டும்.
மார்ச் இருபத்தொன்பது.
எழுதி மடித்துப் பெட்டியின் இடுக்கில் செருகினேன்.

நோன்பு மாதம்.
பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன்.
அது கூவும்போது பாங்குக்கு இன்னும் பதினேழு நிமிஷம்.
அதை நம்பி நோன்பு திறக்க ஏலாது.

இருபத்தொன்பதும் வந்தது.
தெற்குக் காற்று. வானம் நிறைய வெள்ளி.
டோர்ச் அடிக்காமல் இரவு முழுக்கப் பற்றையோரம் நின்றேன்.
விடிந்தால், சருகுக்குள் அது
ஒரு மண்புழுவோடு இழுபறி.
குலேந்திரன் சிரித்தான்:
“மழையும் இப்பிடித்தானே மேடம் சொல்லுற?”

பெருநாளுக்கு மூன்று நாள் லீவு.
திரும்பி வந்த அன்று
ஆறு மணி ஆனது.
ஆறு ஐந்து.
ஆறு பத்து.
“எப்ப போன?”
“முந்தாநாள் கூவின மாதிரி. இல்ல, அதுக்கும் முதல்…
கூவினாத்தானே மேடம் காதுல விழும்.
கூவாம விட்டத்த ஆர் கேட்ட?”

எந்தத் தேதி போடுவது?
கடைசியாகக் கேட்ட நாளா,
கேட்கவில்லை என்று தெரிந்த நாளா?

காற்று தெற்கு-தென்மேற்கு, ஆறு நொட்.
முகில் இல்லை.
பார்வைத் தூரம் இருபது கிலோமீட்டர்.
குறிப்புகள்:
பேனை எழுதவில்லை.
உதறினேன்,
மேலும் கீழும்.