அன்று போலவே

லேபிளில் உள்ள தாடிக்காரர்
ஆர்ச்சிபால்ட் மெக்கில்ரெய்த் அல்ல.
லீத் துறைமுகத் தெருவில் தேயிலையும் மெழுகுவர்த்தியும் விற்ற அவருக்குப்
படம் பிடித்துக்கொள்ளக் கூச்சம்.
அச்சகத்தில் சும்மா கிடந்த அச்சுக்கட்டையில்
யாரோ ஒரு கப்பல் காப்பீட்டுக்காரர்;
கழுத்துப்பட்டையை மாற்றி ஒட்டிவிட்டார்கள்.
அன்றிலிருந்து அந்த முகம்தான் சத்தியம் செய்கிறது:
'அன்று போலவே இன்றும்.'

மாதிரி அறையில் குவளை கழுவுவது என் வேலை.
யூனா ஹால்டேன் முகர்ந்து வைத்ததை
வெறும் வெந்நீரில் கழுவ வேண்டும், சோப்பு ஆகாது.
திங்கள் முதல் வெள்ளிவரை யூனா பூண்டு தொடமாட்டார்.
சளி பிடித்தால்
மொத்தத் தொழிற்சாலையும் அவர் தும்மலை எண்ணும்.

இருபத்தாறு மால்ட்.
ஐலாவிலிருந்து வருவது ஈரக் கம்பளி, அயோடின்,
ஒரு சொட்டு கூடினாலும்
மற்றவர்களைப் பேசவிடாது.
ஸ்பே நதிப் பக்கத்துச் சரக்கு பேரிக்காய்த் தோல்.
இன்னொன்று, பெயர் சொல்லக் கூடாது,
தனியாக முகர்ந்தால் வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பு.
அதை எடுத்துவிட்டால்
எல்லாமே சப்பென்று ஆகிவிடுகிறது.

இத்தனையும் சேர்ந்து பாட்டிலில் பாதிகூட இல்லை.
மீதி கிரெயின்.
ஞாயிறும் நிற்காத நெட்டைக் கலத்தில் கோதுமையை வடித்து
டேங்கர் லாரியில் வருவது.
லேபிளில் மான் உண்டு, மலை உண்டு,
லாரி இல்லை.

போன நவம்பரில்
ஃபைஃப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரை இடித்தபோது
கிடைத்தது ஒரு பாட்டில்,
1931, அரக்கு உடையாமல்.
யூனா திறந்தார். முகர்ந்தார்.
ஜன்னலைச் சாத்தச் சொல்லி
மறுபடி முகர்ந்தார்.

"இது வேறு ஆள்."

கரிப்புகை, எண்ணெய்ப் பிசுக்கு,
முகத்துக்கு நேரே பேசுகிற முரடு.
இன்றையதோ தேன், வெனிலா,
விருந்தில் எல்லோருக்கும் நாற்காலி இழுத்துப் போடுகிற பதவிசு.

"யார் மாற்றியது?" என்றேன்.
"யாருமில்லை.
ஒவ்வொருவரும் போன வருடத்தைப் போலவே செய்தார்கள்.
அப்படியே.
நானும்."

அன்று மாலை வழக்கமான தொகுதி வந்தது.
போன வருடத்துக் குவளைக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து
ஏட்டில் 'ஒத்துப்போகிறது' என்று எழுதினார்.
பழைய பாட்டிலை மேல்தட்டில் ஏற்றி
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

அந்தக் குவளையை மட்டும் மூன்று முறை கழுவினேன்.
புகை போகவில்லை.
சோப்பு போடவா என்று கேட்கப் போய்
கேட்காமல் திரும்பிவிட்டேன்.