வெற்று லாரியின் எடை

சப்பாத்து ஒரு ஜோடிதான்.
பகாவ் பாசார் மாலத்தில், தூறல் தொடங்கி
கடைக்காரன் கித்தானைச் சுருட்டுகிற நேரத்தில்
பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினோம்,
ஒன்பது நான், ஒன்பது அண்ணி.
அவளுக்கு ஏழு, எனக்கு ஐந்து.
ஆறாம் நம்பர் எடுத்தோம்.
இருவருக்கும் பொருந்தாத இடத்தில்
ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டது.

ஆலையில் வேலையும் ஒன்றுதான்.
தீம்பாங் கிராணி:
பழ லாரிகளை நிறுத்து, எடை எழுதுகிறவள்.
அவளுக்குப் பத்து மணி, எனக்குப் பத்தரை.

சிரம்பானில் பேங்கில் இருக்கும் புவனேந்திரன்
முந்தின ராத்திரி போனில் சொல்லிக்கொடுத்தான்:
சிரிங்க, பல் தெரியாம.
உட்காரச் சொன்னாதான் உட்காரணும்.
தரையைப் பார்க்கவே பார்க்காதீங்க.
அண்ணன் நடுவில் புகுந்து
"மொதல்ல பஸ்ஸப் பிடிங்க" என்றான்.

வெந்த செம்பனையின் புளித்த வாடை
எங்கள் பவுடரை கேட்டிலேயே தின்றுவிட்டது.
மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்
அண்ணி காலைத் திணித்தாள்.
"கடிக்குது."
"சிரி" என்றேன். "பல் தெரியாம."

பத்து இருபத்தைந்துக்கு நொண்டிக்கொண்டு வந்தாள்.
குதிகாலில் இருபது காசு அளவுக்குத் தோல் இல்லை.
என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவாள்;
அதுதான் கஷ்டம்.
சப்பாத்து இன்னும் சூடாக இருந்தது.
முனையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் கசக்கி அடைத்தேன்,
யாரோ ஒருவர் மாலையோடு நிற்கும் பக்கம்.

மிஸ்டர் யாப்
என் முகத்தைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார்,
பிறகு நான் பார்க்கக்கூடாத தரையைப் பார்த்தார்.
அங்கேயே கொஞ்சம் தங்கினார்.
"ஒரு லாரி வருது. பழத்தோட எடை எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

"உள்ள வர்றப்ப ஒருதரம் நிறுக்கணும்.
கொட்டிட்டுப் போறப்ப ஒருதரம்.
கழிச்சா மிச்சம் பழம்."

"அவ்வளவுதானா?"

"டிரைவர் ரெண்டு தரமும் உள்ள இருக்கணும்,
இல்லன்னா ரெண்டு தரமும் இறங்கணும்.
வர்றப்ப உட்கார்ந்து, போறப்ப இறங்கிட்டா
அவனையும் பழம்னு காசு கொடுத்து வாங்கிருவோம்."

பல் தெரியச் சிரித்தார்.
அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

எந்தப் பள்ளியிலும் படித்ததல்ல அது.
பதினொரு வருஷம் உதிரிப் பழம் பொறுக்கினேன்.
தராசில் தொங்கும் என் கோணியை
மண்டோர் முழங்காலால் ஏந்திக்கொள்வான்,
முள் இரண்டு கிலோ இளைக்கும்.
அப்போதிருந்து
நிறுக்கிற இடத்தில் நான் பார்ப்பது கால்களைத்தான்.

"முன்னால வந்த பொண்ணும்
இதே சப்பாத்துதானே போட்டிருந்தா?"

இதற்குப் புவனேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே லாரி ஒன்று மேடை ஏற
இரும்புத் தகடு தடதடத்தது. காதுமடல் சுட்டது.

"ஆமா சார். ஒரு ஜோடிதான் இருக்கு.
ரெண்டு பேருக்கும் பொது.
கழிச்சிடுங்க."

ஏதோ எழுதினார். பென்சிலில்.

வாசலில் அண்ணி என் சிலிப்பரை மாட்டிக்கொண்டு
குதிகால் வெளியே தொங்க நின்றாள்.
"நல்ல சப்பாத்து, புதுசான்னு கேட்டாரு" என்றாள்.
"ஆமா, என்னோடதுன்னு சொல்லிட்டேன்.
தப்பா?"

பாதி நிஜம்தானே என்றேன்.
மீதிப் பாதியை
உள்ளே நான் போட்டு உடைத்ததைச் சொல்லவில்லை.
வேண்டுமென்றா செய்தேன், தெரியவில்லை.
தராசில் நிற்கிறவளுக்கு
தன் முள் தெரிவதில்லை.

வீடு வரைக்கும் நீயே போட்டுக்கோ என்று நீட்டினேன்.
கடிக்கும் என்று தள்ளிவிட்டாள்.
புதன்கிழமை சொல்வார்களாம்.

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவே
டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்து வந்தது அந்த ஜோடி.
ஒன்றின் முனையில்
மாலை போட்ட மனிதர்
இன்னமும் கசங்கியிருந்தார்.